கடிவாளத் தொடர்பும் திரோதான சத்தியும்



புலனடக்கம் பற்றிப் பேசப் புகுவோர் பலர், "ஐம்பொறியாகிய குதிரைகளைக் கடிவாளமிட்டு இழுத்து நிறுத்துக" என்று கூறி அமைகின்றனர். கடோபநிடதம் உடலைத் தேராகவும், பொறிகளைப் புரவிகளாகவும், மனத்தைக் கடிவாள வாராகவும், புத்தியைத் தேர்ப்பாகனாகவும் உருவகித்தது உண்மையே. ஆயினும் நல்ல குதிரை பாகனுக்கு வயப்படும் என்பதே ஆங்குச் சொல்லப்பட்டது. வாய் புண்படுமாறு இழுக்க வேண்டும் என்பதன்று. இழுத்து அடக்குதல் என்னும் இவ்வுவமை குதிரைக்கும் பொருந்தாது, நம் சித்தாந்தத்துக்கும் பொருந்தாது என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

இப்புதுச்சேரி நகர் 1954 நவம்பர் 1 வரை பிரஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. குதிரையின் இயல்பான நடையைப் படிமுறையாற் செம்மைப்படுத்தும் கலைக்கு உலகம் வழங்கும் 'டிரெஸ்ஸாஜ்' என்னும் பெயரும் அவர் மொழியதே. பயிற்றுதல் என்பது அதன் பொருள். லா கெரினியேர் என்னும் பிரஞ்சு ஆசிரியர் 1733இல் வெளியிட்ட பெருநூலை இக்கலையோர் இன்றும் போற்றுகின்றனர். நம் நாட்டார் நால்வர் 2023 செப்டம்பரில் சீனத்து ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இக்கலையிற் குழுவாகப் பொற்பதக்கம் வென்றனர். இந்நகரை அடுத்த ஆரோவில் பக்கத்தில் 'ரெட் எர்த்' என்னும் குதிரையேற்றப் பள்ளியும் உண்டு. பயிற்சிக்களம் ஒன்றின் வேலியோரம் அரைநாழிகை நின்று காண்பார்க்கு யாம் கூறுவது எளிதின் விளங்கும்.

குதிரையின் கீழ்த்தாடையில் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடம் உளது. ஆண்டு என்பின்மேல் மெல்லிய தோலே போர்த்துள்ளது. கடிவாள இரும்பு நாவின்மீதும் அவ்விடத்தும் கிடப்பது. ஆகலின் வாரை வெடுக்கென இழுப்பவன் எதனை இழுக்கின்றான் என்பதை உய்த்துணர்க. மற்று, நோவுக்கு அஞ்சி வாரை முற்றும் தொங்கவிடுவோன் நல்லவனோ எனின், அவனும் அல்லன். தொங்கிய வார் அடுத்த கணத்தே விறைத்து வாயைத் தாக்கும். முன்னவனினும் இவனால் விளையும் துன்பம் சில வேளைகளில் மிகுதியாம்.

நற்றொடர்பு கையிலிருந்து பிறப்பதன்று. பின்கால்கள் உந்த, அவ்வூக்கம் இளகிய முதுகின் வழியே பிடரிக்கு ஏற, குதிரை தானே கழுத்தை நீட்டி இரும்பைத் தேடி வருதல் வேண்டும். கை அதனை எதிரேற்றுக் கொள்ளும், அவ்வளவே. முழங்கையிலிருந்து குதிரையின் வாய்வரை ஒரு நேர்கோடு அமையும். மெல்ல நடக்கும்போதும் தாவியோடும்போதும் குதிரையின் தலை அசையும். ஏறினோன் முழங்கை அதனோடு விரிந்து மடங்கும். இணைக்கால் ஓட்டத்திலோ தலை நிலையாக நிற்கும். ஆண்டு ஏறினோன் உடல் எழுந்து அமரினும் கை அசைதலாகாது. செருமானியர் வகுத்த பயிற்சிப் படிகள் ஆறனுள் இத்தொடர்பு மூன்றாவது. நடைச்சீரும் உடலிளக்கமும் முன்னர் அமையாதவழி இது வாராது.

இனிச் சித்தாந்தத்துக்கு வருவாம். பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பதும் பொருள். இறைவனது சத்தி மலத்தோடு உடனின்று, உயிரை வினைப்போகங்களிற் செலுத்தி, மலம் பரிபாகமுறுங்காறும் மறைந்து தொழிற்படும். திரோதானம் எனப்படும் அதனை மலங்களோடு ஒருங்கு வைத்து எண்ணுவது உபசாரமே. பரிபாகம் வந்தவழி அச்சத்தியே அருட்சத்தியாய்ப் பதிகின்றது. பழகாத குதிரைக்கும் அவ்வாறே. முதலிற் கட்டென்று வெருண்ட கையையே, பின்னர் ஊன்றுகோலெனக் கொள்கின்றது. கை மாறவில்லை, குதிரையே பக்குவமுற்றது.

இவ்விடத்துப் பெரிதும் அஞ்சத்தக்க ஒரு பிழை உளது. கடுங்கையால் துன்புற்ற குதிரை மோவாயை மார்போடு ஒடுக்கி இரும்பைவிட்டு உள்வாங்கிக் கொள்ளும். கழுத்து அழகாக வளைந்து தோன்றும், காண்போர் "என்னே அடக்கம்!" என வியப்பர். உண்மையில் அது கைக்கு அடங்கியதன்று, கையினின்றும் ஓடி ஒளிந்ததாம். மடங்களில் இளமாணாக்கரைப் பயிற்றும் பெரியோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று. தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகளுட் பணிந்தவர் யார், ஒளிந்தவர் யார்? திருநீறும் கண்டிகையும் இருதிறத்தார்க்கும் ஒக்கவே விளங்குகின்றன. கையின்மேற் சாய்ந்து பாரமாகும் குதிரையும் குற்றமுடையதே. எனினும் அது திருத்துதற்கு எளிது, தொடர்பை இன்னும் விடாமையின்.

வாதவூரடிகள் பொருட்டுப் பெருமான் குதிரைச் சேவகனாய் மதுரைக்கு எழுந்தருளிய திருவிளையாடலை யாவரும் அறிவர். பாண்டியனுக்குப் பரிகளைக் கயிறுமாறிக் கொடுத்த அன்றிரவே அவை மீண்டும் நரிகளாயின. அப்பெருமான் கைக்கயிற்றில் நின்ற பொழுதெல்லாம் அவை நடை வழுவாத பரிகளாகவே நின்றன. கயிற்றின் ஆற்றலன்று அது என்பது இதனாற் பெறப்படும்.

உவமை முற்றும் பொருந்துமோ எனின், பொருந்தாது. இறைவன் கை ஒருகாலும் தவறாது. மனிதன் கையோ நாள்தோறும் தவறுவது. அதுபற்றியே குதிரை பயிற்றுவோர் தம் கையைச் சோதித்தற்கு ஒரு முறை கொண்டுள்ளனர். நடை இடையறாது செல்கையில் இரு கையையும் பிடரியோரமாக முன்னே நீட்டி, சில அடிகள் வாரை நெகிழவிடுவர். குதிரை விரைந்தோடாமலும் தளராமலும் அந்நடையிலேயே தன் நிலையைத் தாங்கிச் செல்லுமாயின், அதுவரை இருந்தது தொடர்பு. நெகிழ்ந்தவுடன் ஓடுமாயின், அதுவரை இருந்தது வெறுங் கட்டு.