வானமும் தராசும்



கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டால் அன்றைய கணக்கு முடிந்தது என்று எண்ணுகிறோம். அது முடியவில்லை என்பதை ஓர் இரவு நமக்குக் காட்டியது. அதையே உங்களிடம் சொல்ல வந்தோம்.

கடந்த ஆகஸ்டு மாதம், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், ஜொகூர் மாநிலத்து மெர்சிங் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். வானம் பார்ப்பதில் பிரியமுள்ள வாலிபர் ஒருவர் நம் கடைக்கு வருவார். "ஒரு ராத்திரி வந்து பாருங்கள், மாமு" என்று வெகுநாளாக அழைத்துக்கொண்டிருந்தவர் அவர்தாம். இஷா தொழுதுவிட்டு மணலில் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

முதலில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. "கைபேசியை மூடி வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாகும்" என்றார் தம்பி. அவ்வாறே இருந்தோம். சிறுகச் சிறுக நட்சத்திரங்கள் பெருகின. தெற்கே தேள் வடிவமும், அதை ஒட்டிப் பால்வீதியும் துலங்கின. அவை புதிதாக வந்தவையா? நாம் கடையில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்த இரவுகளிலும் அவை இருக்கத்தான் செய்தன. நம் வெளிச்சமே நமக்குத் திரையாகிவிட்டது!

நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு, வடகிழக்கே ஆந்திரொமேடாவைப் பைனாகுலரில் காட்டினார். மங்கலான ஒரு சிறு மேகம் போலிருந்தது. இந்த மேகத்தை நூலில் குறித்துவைத்தவர் நம் முன்னோரில் ஒருவரான அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. ஆண்டு 964. தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் கண்டு எழுதினார். அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறொரு நட்சத்திரக் கூட்டம் என்பதை, 1923இல் அங்கே கண்டுபிடித்த ஒரு நட்சத்திரத்தைக் கொண்டு அமெரிக்காவின் எட்வின் ஹபிள் தெளிவாக்கினார். அதன் தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள். வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 25 லட்சம் ஆண்டுகள் ஓடி அன்றிரவு நம் கண்ணுக்கு வந்து சேர்ந்தது.

சகோதரர்களே! அப்போது அர்ரஹ்மான் சூரா நம் நினைவுக்கு வந்தது. வானத்தை உயர்த்தியதைச் சொன்ன அதே இடத்தில், இறைவன் தராசை நிறுவியதையும், நிறுவையில் குறைக்கலாகாது என்பதையும் சொல்லுகிறான். மதரஸாவில் ஓதிய நாள் முதல் ஓதிவருகிறோம். வானத்துக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாளும் கேட்டோமில்லை.

நம் கடையில் நெத்திலியும் மிளகாயும் நிறுக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. அதன் எடை 10 கிராம். அதைக் கழிக்காமலே நிறுத்து வந்தோம். "பத்துக் கிராம்தானே!" என்பது நம் சமாதானம். அந்த மணலில் படுத்துக் கணக்குப் போட்டோம். நாளொன்றுக்கு 40 நிறுவை, வருஷத்தில் 300 நாள் என்றால் 120 கிலோ! அத்தனையும் பிறர் ஹக்கு. என்றோ புறப்பட்ட ஒளி இன்று வந்து சேருகிறதென்றால், அந்தப் பத்துக் கிராம் எங்கே போய்த் தொலையும்? மறுமையில் நமக்கு முன்னே வந்து நில்லாதா?

மூன்று மணிக்குமேல் கிழக்கே ரோகிணி ஏறி நின்றது. அதை அரபியர் அத்தபரான் என்பர். பின்தொடர்பவன் என்று பொருள். கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து வருவதால் அந்தப் பெயர். நம்மைப் பின்தொடர்வது எது என்று எண்ணியபோது உடல் நடுங்கியது. நாயகம் (ஸல்) அவர்கள் பின்னிரவில் எழுந்து, வானத்தை நோக்கி, ஆல இம்ரான் சூராவின் இறுதி வசனங்களை ஓதினார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. நாமும் ஓதினோம். தஹஜ்ஜுத் தொழுது தவ்பாச் செய்தோம்.

திரும்பி வந்ததும் தட்டின் எடையைக் கழித்துத் தராசைப் பூஜ்யத்தில் நிறுத்தினோம். நாள்பட்ட வாடிக்கைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, குறைந்ததைக் கொடுத்தோம். சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் முகம் சுளித்துப் போனார். இன்னும் வரவில்லை. அது அவர் நியாயம். மௌத்தாகிவிட்ட ஒரு மூதாட்டியின் பங்கை அவர் மகனிடம் சேர்த்தோம். யாரென்று தெரியாதவர்களின் பங்கை அவர்கள் பேரால் ஸதக்கா செய்து வருகிறோம். கணக்கு இன்னும் தீரவில்லை.

வியாபாரத் தோழர்களே! மாதம் ஓரிரவாவது கடை விளக்கை அணைத்துவிட்டு வானத்தின் கீழே உட்காருங்கள். கண் பழகட்டும். மறுநாள் காலையில் உங்கள் தராசையும் ஒருமுறை பாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் நிறுவையை நேராக்கி, நம் சம்பாத்தியத்தில் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.