இருந்ததா, ஆக்கப்பட்டதா: பரிமளாவின் கணிதமும் சற்காரியவாதமும்

கணிதப் பொருள் எதையும் கண்ணால் காண இயலாது. ஆயினும் அது உண்டு என்றோ இல்லை என்றோ ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முடிகிறது. காட்சியளவைக்கு எட்டாத ஒன்றைப் பற்றி இத்தனை உறுதி எங்கிருந்து வருகிறது, நிறுவப்படுவதற்கு முன் அப்பொருள் எந்நிலையில் இருந்தது என்னும் வினாக்களைக் கணிதப் பாடநூல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. காவிரிப் படுகையின் சைவ மடங்களிலோ அவற்றோடு நெருங்கிய உறவுடைய வினாக்கள் பாடமாகவே சொல்லப்பட்டு வந்துள்ளன. தருமபுரம் ஆதீனம் அமைந்துள்ள மயிலாடுதுறையில் 1948-ஆம் ஆண்டு இயற்கணித அறிஞர் இராமன் பரிமளா பிறந்தது தற்செயலே. எனினும் அவருடைய முதல் பெரிய முடிவை அந்த மடங்களின் சைவ சித்தாந்தத்தின் அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே சற்றுத் தெளிவுபெறும்.

சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்பது. அதாவது காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்துக்குள் நுண்ணிலையில் இருந்தது, தோற்றம் என்பது வெளிப்பாடே என்னும் கொள்கையை ஏற்பது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றாகப் பகுத்து, மண்ணில் இல்லாத எதையும் குயவன் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்று அது வாதிடும். நியாய வைசேடிகரோ, குடம் முன்பு இல்லாதிருந்து புதிதாகப் பிறந்தது என்பர்; இது அசற்காரியவாதம்.

சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பயின்ற பரிமளா, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். ஸ்ரீதரனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, 1976-இல் முனைவர் பட்டம் பெற்றார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழான்-பியேர் செர் 1955-இல் எழுப்பிய வினா ஒன்றுக்கு, குவில்லன், சுஸ்லின் என்னும் இருவர் தனித்தனியே விடை கண்டதும் அதே ஆண்டில்தான். தளத்தின், அல்லது அதைவிடப் பரிமாணம் மிகுந்த வெளியின், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசைவெளியைப் பொருத்தி அவற்றைப் பல்லுறுப்புக் கோவைகளால் இணைத்தால், எவ்வளவு முறுக்கி இணைத்தாலும் அந்த முறுக்கைப் பிரித்துவிட முடியும் என்பதே எளிய சொற்களில் அவர்கள் கண்ட விடை. இனி, ஒவ்வொரு திசைவெளிக்கும் நீளம் அளக்க ஓர் இருபடி வடிவத்தையும், அதாவது வர்க்கங்களின் கூட்டுத்தொகை போன்ற ஒரு கோவையையும் சேர்த்துக் கொடுத்தால், இடத்துக்கு இடம் மாறுவதுபோல் தோன்றும் அந்த அளவுகோலையும் எங்கும் மாறாத ஒன்றாக எழுதிவிட முடியுமா என்னும் வினா இயல்பாகவே எழும். முடியும் என்று எதிர்பார்க்கவே எவர்க்கும் தோன்றும். மெய்யெண் தளத்திலேயே, நான்கு பரிமாணத் திசைவெளிகளுக்கே அது முடியாது என்பதைப் பரிமளா எடுத்துக்காட்டுகளைக் கட்டியே காட்டினார்.

இந்த முடிவின் நுட்பத்தை உணரப் பேராவூரணிப் பகுதி வயல் ஒன்றைப் பார்த்தாலே போதும். கல்லணைக் கால்வாயின், அதாவது மக்கள் வழக்கில் புதாற்றின், கடைமடையான அங்கே, சேற்றுழவு முடித்துப் பரம்படித்த வயலில் விரலளவு நீர் நின்றால் மேடு பள்ளம் ஏதும் தெரியாது. அடுத்த வயலும் அவ்வாறே, அதற்கு அடுத்ததும் அவ்வாறே. ஆயினும் வரப்பில் மடையைத் திறந்தால் தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடுகிறது. ஒவ்வொரு வயலும் தனித்தனியே மட்டமானது. பாசனப் பரப்பு முழுவதற்கும் ஒரே மட்டம் என்று ஒன்று இல்லை. பரிமளாவின் வடிவங்களும், தளத்தின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் சுற்றுவட்டத்தில் நான்கு வர்க்கங்களின் சாதாரணக் கூட்டுத்தொகையாக எழுதத்தக்கவையே. தளம் முழுவதற்கும் ஒருசேர அப்படி எழுதத்தான் இயலாது. உவமை இதற்கு மேல் செல்லாது; ஏனெனில் வயலில் பள்ளம் இருக்கிறது, வடிவத்தில் அப்படி ஓர் இடத்தையும் சுட்டிக்காட்ட முடியாது.

அந்த வடிவங்களுக்கு முதற்காரணம் எது என்றால், 1843-இல் ஹாமில்டன் அமைத்த குவாட்டர்னியன்கள், அதாவது நான்கு கூறுகள் கொண்டவையும் பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறுபவையுமான எண்கள், அவற்றைக் கெழுக்களாகக் கொண்ட இருமாறிக் கோவைகள் ஆகியவற்றைச் சொல்லலாம். அந்தக் கோவைகளிடையே பிரிக்க இயலாத முறுக்கு உண்டு என்று 1971-இலேயே ஒஜாங்குரனும் ஸ்ரீதரனும் காட்டியிருந்தனர். மண் இருந்தது, சக்கரமும் இருந்தது, குடம் மண்ணிலேயே இருந்தது என்று சித்தாந்தி கூறுவார்.

ஆனால் இந்தப் பொருத்தம் நெடுந்தூரம் வராது. குடத்துக்குப் பிறந்த நாள் உண்டு. 1976 என்பதோ அவற்றைக் காட்டிய ஆய்வுக்கட்டுரையின் ஆண்டேயன்றி அந்த வடிவங்களின் ஆண்டு அன்று. ஹாமில்டன் பிறவாதிருந்தாலும் அவை மாறாத வடிவங்களாக ஆகியிருக்கப் போவதில்லை. உலகின் முதற்காரணம் என்று சித்தாந்தம் கொள்ளும் மாயையிலிருந்து தோன்றி அதிலேயே ஒடுங்கும் பொருள்களுக்குச் சொல்லப்பட்ட நியாயத்தைத் தோற்றமும் ஒடுக்கமும் அற்றவற்றின்மேல் ஏற்றுவது, மரக்காலை எடுத்துக்கொண்டு நிலம் அளக்கப் போவதைப் போன்றது.

சித்தாந்தத்தில் இதற்கு ஏற்ற கருவி வேறிடத்தில் இருக்கிறது. உயிர் தானாக அறியாது, அறிவித்தால் அறியும் என்பதும், கண் பார்க்கும் ஆற்றல் உடையதாயினும் கதிரொளியின் துணையும் உயிரின் துணையும் இன்றிப் பார்க்காது என்பதும், அதுபோல இறைவன் உயிருக்குக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டையும் செய்கிறான் என்பதும் அதன் கொள்கை. இறைவனைப் பற்றிய பகுதியை ஏற்காதவரும் காட்டல், காணல் என்னும் பகுப்பை எடுத்துக்கொள்ளலாம். கணித நிறுவல் பொருளை ஆக்குவதில்லை, காட்டுகிறது. ஆனால் காட்டுவது சிறிய செயல் அன்று, ஏனெனில் வடிவம் எக்காலத்தும் இருந்தும் அதற்கு மாறான எதிர்பார்ப்பே இயல்பாகத் தோன்றியது. பொருள் இருப்பது வேறு, அதன் இருப்பு அறிவுக்கு எட்டுவது வேறு. பின்னதில்தான் பரிமளாவின் உழைப்பு முழுவதும் அடங்கும்.

சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 1987-இல் அவருக்குக் கிடைத்தது. 2010-இல் ஐதராபாத்தில் கூடிய அனைத்துலகக் கணிதவியலாளர் மாநாட்டில் அவர் முழு அவைச் சொற்பொழிவு ஆற்றினார். இவற்றைவிட இங்கே கருதத்தக்கது 1995-ஆம் ஆண்டு வெளிவந்த முடிவாகும். செர் முன்வைத்த இன்னோர் ஊகம், சில இயற்கணிதக் குலங்களின் வழியே எழக்கூடிய முறுக்குகள் யாவும், குறிப்பிட்ட அளவுக்குமேல் சிக்கல் இல்லாத எண் அமைப்புகளின் மீது பிரிந்துவிடும் என்பது. செவ்வியல் குலங்கள் என்னும் பெரும்பிரிவுக்கு அது உண்மையே என்று ஈவா பேயர்-ஃப்ளூகிகருடன் இணைந்து அவர் நிறுவினார். ஓரிடத்தில் பிரியாது என்று காட்டியவரே மற்றோரிடத்தில் பிரியும் என்று காட்டினார். ‘ஈ8’ என்று பெயரிடப்பட்ட, 248 பரிமாணம் உடைய சிறப்புக் குலத்துக்கு அந்த ஊகம் முழுமையாகப் பொருந்துமா என்பது இன்றும் திறந்த வினாவே. விடை உண்டு, காண்பார்தாம் இல்லை என்று சித்தாந்தி சொல்வதைத் நியாய வைசேடிகர் ஒப்பமாட்டார்.