முன்பணமும் சம்மதமும்

சென்னையில் வேலை கிடைத்து வாடகை வீடு தேடிப் புறப்படும் இளைஞன், 'டு-லெட்' பலகை தொங்கும் நாலைந்து வாசல்களை ஏறி இறங்கிய பிறகு, வாடகை எவ்வளவு என்பதைக் காட்டிலும் அட்வான்ஸ் எத்தனை மாதம் என்பதையே முதலில் விசாரிக்கப் பழகிவிடுகிறான். வாடகை 12,000 ரூபாய் என்றால், ஊர் வழக்கமான பத்து மாதக் கணக்கில் 1,20,000 ரூபாயை ஒரே தவணையில் எண்ணி வைத்தாக வேண்டும். தரகருக்கு உரியது தனி. இரண்டாவது சம்பளத்தைக்கூடக் கண்ணால் காணாதவனிடம் அத்தகைய தொகை இருக்க ஏது மார்க்கம்? தாயாரின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. அதற்குரிய வட்டி, வாடகையின் நிழலைப் போல மாதந்தோறும் கூடவே வருகிறது.

வீடு என்னுடையது, நிபந்தனையும் என்னுடையது, சம்மதமானால் வரலாம், இல்லாவிடில் வேறிடம் பார்க்கலாம் என்று சொந்தக்காரர் கூறுவதில் மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் விலை ஒவ்வாத ஜவுளிக்கடையை விட்டு வெளியேறுகிறவன் பழைய வேட்டியோடு ஒரு மாதம் காலந்தள்ள முடியும். இன்றிரவு தலைசாய்க்க வேண்டிய இடத்தை அவ்விதம் ஒத்திப்போட முடியாது. அன்றியும், ஒரு வீட்டில் மாத்திரம் அன்றித் தெரு முழுவதிலும் அதே பத்து மாதத்தைக் கேட்கும்போது, 'வேறிடம்' என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமற் போகிறது. மறுப்பதற்கு வழியில்லாதவன் இடும் கையொப்பத்தைச் சம்மதம் என்று சட்டம் அழைக்கலாம். தர்மமும் அவ்வாறே அழைக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் கிடையாது.

சொந்தக்காரரின் அச்சத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவரை நினைத்தபோது வெளியேற்ற விடாமல் காத்தது. ஆயின் அதே காவல், வழக்கு வருஷக் கணக்கில் இழுபட்டபோது, மாடிப் பகுதியின் வாடகையையே ஜீவனமாகக் கொண்ட விதவைக்கு, தம் வீட்டிலேயே பாத்தியதை இழந்தாற்போன்ற துன்பமாகவும் முடிந்தது. பெரிய முன்பணம் அந்த அச்சத்துக்குக் கிடைத்த ஒரு கேடயம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017ஆம் ஆண்டின் சட்டம், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. 'வேறு உடன்படிக்கை' என்னும் அச்சிறு வாசலின் வழியாகப் பத்து மாதமும் தாராளமாக உள்ளே வந்துவிடுகிறது.

கேட்பதைவிட, கேட்டு வாங்கியதை என்னவாகக் கருதுவது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது. முன்பணம் ஒரு நம்பிக்கைப் பொருள். ஒருவர் கையில் இருப்பினும் மற்றொருவருக்கு உரியது. நடைமுறையிலோ அது வாங்கிய அன்றே சொந்தக்காரரின் வங்கிக் கடனிலோ மகளின் கல்யாணச் செலவிலோ கரைந்துபோகிறது. அது ஈட்டக்கூடிய வட்டி யாருக்குச் சேர வேண்டும் என்று இரு தரப்பிலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. காலி செய்யும் நாளில் சுவரின் ஆணித்துளைகள் எண்ணப்படுகின்றன. பதினொரு மாதமே குடியிருந்தாலும் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படுகிறது. இதை முன்னரே உணர்ந்த குடித்தனக்காரர், கடைசி நான்கைந்து மாதம் வாடகை கொடாமல் 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்கிறார். அதுவும் வாக்குத் தவறியதுதான். ஆனால் தம் பொருளைத் தாமே மீட்க அவருக்குத் தெரிந்த உபாயம் அது ஒன்றே. அதைக் கண்டு அஞ்சும் அடுத்த வீட்டுக்காரர் இன்னும் கூட்டிக் கேட்கிறார்.

மினி லாரியில் கட்டிலும் பீரோவும் ஏறிவிட்டன, சாவி கைமாறுகிறது. 'புதுக் குடித்தனம் வரட்டும், அவர்கள் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்' என்கிறார் சொந்தக்காரர், பொய் சொல்லும் எண்ணம் சற்றும் இன்றி. நகரத்தின் மறுகோடியில் வேறொரு வீட்டுக்காரர், இதே பணத்தை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறார்.