வடிகஞ்சி கேட்டவர்கள்

1943-இல், வங்கப் பஞ்சத்தின்போது, கல்கத்தா வீட்டு வாசல்களில் வந்து நின்ற கிராமத்து மக்கள் சோறு கேட்கவில்லை. வடிகஞ்சி கேட்டார்கள். சோற்றை வடித்த பிறகு மாட்டுக்கு வைக்கிற, இல்லாவிட்டால் சாக்கடையில் ஊற்றுகிற தண்ணீர். கொடுப்பவருக்கு ஒரு பருக்கைகூடக் குறையாது. வீட்டுக்காரரின் நிம்மதியைத் தொடாமல் எதைக் கேட்கலாம் என்று பசித்தவரே அளந்து பார்த்து, தம் கோரிக்கையை அந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டார்.

தீமை பற்றிய தத்துவ விவாதம் வழக்கமாக வானத்தைப் பார்த்துத்தான் தொடங்கும். கருணையும் வல்லமையும் உள்ள கடவுள் இவ்வளவு துன்பத்தை ஏன் விட்டுவைத்தார்? இந்தக் கோபம் நமக்கும் புதிதல்ல. இரவச்சம் அதிகாரத்தில் வள்ளுவர் உலகைப் படைத்தவனையே சபித்துவிடுகிறார். ஆனால் வங்கப் பஞ்சத்தில் வானத்தின் பங்கு சிறியது. 1942 அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் சூறையாடியது உண்மை. அதற்கு முன்பே பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றிருந்தது. எதிரிக்குப் பயன்பட்டுவிடும் என்று கடலோரப் படகுகளை அரசே பறித்தது. போர்ச் செலவு நகரத்தில் பணத்தைக் கொட்டியது. ஆலை, ரயில்வே, துறைமுகம், அரசு அலுவலகம் என்று போருக்குத் தேவைப்பட்டவர்களுக்கு மலிவு விலை அரிசி கிடைத்தது. அந்த அரிசியும் கிராமத்திலிருந்துதான் வந்தது. விலை ஏறியது, கூலி ஏறவில்லை. விவசாயக் கூலிகளாலும் மீனவர்களாலும் நெல் குத்திப் பிழைத்த பெண்களாலும் அரிசி வாங்க முடியவில்லை. 1943-இன் அரிசி இருப்பு, பஞ்சமே இல்லாத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம் என்று கணக்கிட்டார் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென். அந்தக் கணக்கை மறுப்பவர்கள் உண்டு. செத்தவர்கள் யார் என்பதில் சண்டை இல்லை.

அப்படியானால் மலிவு அரிசியைப் பொங்கித் தின்ற குமாஸ்தா குற்றவாளியா? அவர் பட்டினி கிடந்திருந்தால் மிச்சமான படி அரிசி எந்தக் கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. பிள்ளைகளோடு வயிறாரச் சாப்பிடுவதையே பாவமாக்கும் அறம் யாருக்கும் உதவாது. தவறு அடுத்த கட்டத்தில் நுழைகிறது. சாப்பிட்டு முடித்தபின் போட்டுக்கொள்ளும் வெற்றிலை மாதிரி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது: அவர்கள் வினை, அவர்கள் சோம்பல், ஜனத்தொகை. பிறர் துன்பத்துக்கு விளக்கம் கிடைத்தால்தான் நிலைக்கும் என்கிற மகிழ்ச்சி, அந்த விளக்கம் பொய்யானாலும் அதை விடாது.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரியில் பீகாரில் நிலநடுக்கம். ஹரிஜன யாத்திரையாகத் தமிழகம் வந்திருந்த காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார். இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று வங்கத்திலிருந்து தாகூர் கண்டித்தார். காந்தி அதைத் தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டார். காந்தியின் விளக்கம் கேட்டவரைக் கூண்டில் ஏற்றியது, தூங்க வைக்கவில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் இடிபாட்டில் செத்த குழந்தைக்கு அந்த நீதியில் இடமில்லை. நியாயம் தாகூர் பக்கமே.

பஞ்சத்துக்குத் திரும்புவோம். 1943 ஆகஸ்ட் 22 அன்று 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் கல்கத்தாத் தெருக்களில் கிடந்தவர்களின் புகைப்படங்களை அச்சிட்டார். பஞ்சம் என்று சொல்லவே அரசு தயங்கிய காலம் அது. அதே நாட்களில் சாந்திநிகேதனில் ஒன்பது வயது அமர்த்தியா சென்னுக்கு, வீடு தேடி வருகிற குடும்பத்துக்கு ஒரு சிகரெட் டப்பா அரிசி கொடுக்க அனுமதி இருந்தது. ஒன்றுதான், இரண்டல்ல. இரக்கம் மெய்தான், அளவைப் பெரியவர்கள் போட்டிருந்தார்கள். அந்த வீட்டைக் குறை சொல்ல முடியாது. எல்லா வீட்டு டப்பாவும் சேர்ந்தாலும் போதாதபோது, கேள்வி அரசாங்கக் கிடங்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

அரசாங்கம் வேறு வழி பார்த்தது. நகரத்தில் திரிந்த ஆதரவற்றோரைப் பிடித்து வெளியேற்ற அந்த ஆண்டு முடியும் முன்பே அவசரச் சட்டம் வந்தது. குளிர்கால அறுவடையும் நன்றாக விளைந்தது. வாசல்கள் காலியாயின; கல்கத்தாவுக்குப் பஞ்சம் முடிந்துவிட்டது. கிராமங்களில் மலேரியாவும் காலராவும் பெரியம்மையும் தொடர்ந்தன. மொத்தச் சாவு 15 லட்சம் என்றது 1945-இன் விசாரணைக் குழு. சென்னின் மதிப்பீடு 30 லட்சத்தை நெருங்குகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 1943 முடிந்த பிறகே இறந்தார்கள் என்கிறார் அவர்.