நெஞ்சுக்குள் ஒரு பிரம்பு

கால் முறிந்து கிடப்பவனைப் பார்த்து, "ஓடடா!" என்று உறுமுவார் உண்டா? காய்ச்சலால் நடுங்குபவனை நோக்கி, "நடுங்குவது கோழைத்தனம்!" என்று ஏசுவார் உண்டா? இல்லை. கட்டுப் போடுவர், கஞ்சி காய்ச்சித் தருவர், "எழுந்திருக்க நாளாகும், படுத்திரு" என்று தேற்றுவர். உடலுக்கு இந்த நீதி! உள்ளம் நோயுற்றாலோ? சோம்பேறி, கோழை, பொறுப்பற்றவன் என்று பட்டங்கள் பல சூட்டுகின்றனர். கொடுமை அத்துடன் நிற்கவில்லை, தோழர்களே! ஊரார் ஓய்ந்து உறங்கச் சென்ற பின்னரும் ஒருவன் மட்டும் ஓய்வதில்லை. நள்ளிரவிலும் விழித்திருந்து ஏசுகிறான். யார் அவன்? நோயுற்றவனேதான்!

பட்டறிந்தே கூறுகிறேன். ஆசிரியப் பணியில் அமர்ந்த இரண்டாம் ஆண்டில் மனச்சோர்வு நோய் என்னைப் பற்றிற்று. விடிந்தால் எழ மனம் வராது, குளிப்பதே பெரும்பாடு. நாற்பது மாணவரின் கட்டுரை ஏடுகள் மேசையில் திருத்தப்படாமல் குவிந்து கிடந்தன. "பட்டம் பெற்றாய், மேடையேறிப் பகுத்தறிவு பேசினாய், நாற்பது ஏடுகளைத் திருத்த வக்கில்லையா உனக்கு?" என்று என்னை நானே இடித்துரைத்தேன். இடித்துரைத்ததால் ஓர் ஏடாவது திருந்திற்றா? இல்லை. ஏடுகள் கிடந்தன, உறக்கந்தான் ஓடிற்று!

நோயுற்றவன் தன்னிடமே பரிவு காட்டுவது தகுமா, அல்லது அது கோழைமையை மறைக்கும் திரையா? இதுவே நம்முன் நிற்கும் வினா.

வழக்குமன்றத்தில் குற்றஞ்சாட்டுபவர் ஒருவர், சான்று கூறுபவர் ஒருவர், தீர்ப்பளிப்பவர் மற்றொருவர். நெஞ்சத்து மன்றத்திலோ மூவரும் ஒருவரே! எதிர்வாதம் புரிய வழக்கறிஞர் இல்லை. வழக்கு தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. சான்றின்றி எதனையும் ஏற்கோம் என்று சூளுரைத்த நாம், இந்தத் தீர்ப்பை மட்டும் தலைவணங்கி ஏற்பது எங்ஙனம்?

நோய் என்பது முன்வினையின் பயன் என்றனர் பழமை பேசுவோர். நாம் நகைத்தோம். "நோய்க்குக் காரணம் உண்டு, அதில் நோயாளியின் குற்றம் எங்கே உண்டு?" என்று கேட்டோம். ஆனால், அதே நோய் நம் உள்ளத்தில் குடியேறியபோது என்ன சொன்னோம்? "என் குற்றமே இது, எனக்கு இது வேண்டும்!" என்றோம். பாவம் என்ற சொல்லைத்தான் நீக்கினோம்; தண்டனை என்ற எண்ணத்தை நீக்கினோமில்லை. தலைவாயில் வழியே விரட்டியதைக் கொல்லைப்புறம் வழியே அழைத்து வந்து விருந்து வைத்தோம்!

வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நோயையும் அதன் முதலையும் நாடச் சொன்னாரேயன்றி, நோயாளியைச் சாடச் சொன்னாரில்லை.

2001 ஆகஸ்ட் 6-ஐ மறந்துவிட்டோமா? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். 28 உயிர்கள் மாண்டன! 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடுத்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருத வேண்டும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிப்பது அரசின் கடமை என்றும் அச்சட்டம் கூறிற்று. சட்டம் தண்டிக்கத் தயங்கும் இடத்தில், நம்மை நாமே தண்டித்துக்கொள்வதா? இரும்புச் சங்கிலி அறுந்த பின்னும் எண்ணச் சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருப்பதா?

"பரிவு காட்டினால் சோம்பல் வளராதா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விடையை ஆராய்ச்சியிடம் கேட்போம். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குக் கடினமான சொல்தேர்வு ஒன்று வைத்தனர். பலர் தடுமாறினர். ஒரு பகுதியினரிடம், இத்தகைய தேர்வில் தடுமாறுவது இயல்பே, உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டா என்றனர். அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தவர்கள் யார்? பரிவுமொழி கேட்ட அவர்களே! 2012-ல் வெளிவந்த ஆய்வு இது. பரிவு சோம்பலின் தாய் அன்று, முயற்சியின் தோழி.

தன்மீது பரிவு என்பது யாது? அமெரிக்க உளவியல் அறிஞர் கிரிஸ்டின் நெஃப் 2003-ல் அதனை மூன்று கூறாக வகுத்தார். கடிந்துகொள்ளாமல் தன்னிடம் கனிவு காட்டுவது ஒன்று. துன்பம் மாந்தர் அனைவர்க்கும் பொது என உணர்வது மற்றொன்று. வேதனையை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் உள்ளவாறு காண்பது மூன்றாவது. கழிவிரக்கம் வேறு, பரிவு வேறு. "எனக்கு மட்டுமா இந்தக் கொடுமை!" என்று புலம்புவது கழிவிரக்கம். "எனக்கும் வந்தது, பலர்க்கும் வருவது" என்று உணர்வது பரிவு. 2019-ல் உலகில் எட்டுப் பேருக்கு ஒருவர் மனநலக் குறைபாட்டுடன் வாழ்ந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டது. எட்டில் ஒருவரைக் குற்றவாளி என்பார் யார்?

ஒன்றை மறவாதீர். பரிவு மருந்துக்கு மாற்று அன்று. மருத்துவரிடம் செல்லத் துணிவு தருவதே அதன் முதற்பணி. நோயின் பெயரால் பிறர்க்குத் தீங்கு இழைக்க உரிமையும் இல்லை. தவறினால் வருந்துவோம், திருத்துவோம். ஆனால் தவறு வேறு, நோய் வேறு.

மருத்துவம் பெறத் தொடங்கிய சில வாரங்களில் முதல் ஏட்டைத் திறந்தேன். எங்கும் பிழை! வழக்கம்போல் சிவப்பு மையில், "முயற்சி தெரிகிறது. மீண்டும் எழுது" என்று எழுதினேன். கை நின்றது. பத்து வயதுச் சிறுவனுக்கு வழங்கிய நீதியை எனக்கு நான் வழங்கினேனா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், மாணவரை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் வதைப்பதையும் தடை செய்தது. வகுப்பறையில் நான் பிரம்பைத் தொட்டதில்லை. நெஞ்சுக்குள்ளோ அதை ஓங்கியபடியே இருந்தேன்! அன்று ஐந்து ஏடுகள் திருத்தினேன். ஐந்து போதும் என்று உறங்கினேன்.

இன்றும் சில விடியல்களில் பழைய குரல் ஒலிக்கிறது. "சான்று எங்கே?" என்று கேட்கிறேன். அது விடை கூறுவதில்லை.

இருளில் தனித்திருக்கும் தோழனே, தோழியே! மருத்துவரை நாடு, நண்பனிடம் வாய் திற, இரவோ பகலோ, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழை. அறிவை ஆயுதமாகக் கொண்டவர்கள் நாம். அந்த ஆயுதம் நோயை எதிர்க்கட்டும். நோயுற்ற நெஞ்சை அன்று!