கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது?

ஜார்ஜ் பிரைஸ் 1975 ஜனவரியில் லண்டனில் இறந்தபோது, சொத்து என்று சொல்லிக்கொள்ள அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அமெரிக்காவில் பிறந்து வேதியியல் படித்தவர், அணுகுண்டுத் திட்டத்திலும் ஐபிஎம்மிலும் வேலை பார்த்தவர். 1967-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது: பிறருக்காகத் தன்னை இழக்கும் குணம் பரிணாமத்தில் எப்படி அழியாமல் நின்றது?

டார்வினையும் உறுத்திய கேள்விதான். வேலைக்கார எறும்புக்குச் சந்ததி இல்லை. அப்படியிருக்க அதன் உழைக்கும் குணம் அடுத்த தலைமுறைக்கு எந்த வழியாகப் போகிறது? 1964-ல் உயிரியலாளர் ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். உடன்பிறந்தவரோடு நமக்கு மரபணுவில் சராசரியாகப் பாதி பொது. சித்தப்பா பிள்ளைகளோடும் அத்தை பிள்ளைகளோடும் எட்டில் ஒரு பங்கு. சொந்தத்துக்குக் கிடைக்கும் லாபத்தை இந்தப் பங்கால் பெருக்கினால் வருவது, உதவுபவரின் நஷ்டத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் குணம் பிழைத்துக்கொள்ளும். சொந்தமே இல்லாதவருக்கு உதவுவது? 1971-ல் டிரிவர்ஸ் என்ற இன்னொரு உயிரியலாளர் அதற்கும் பதில் சொன்னார்: இன்றைக்கு நான், நாளைக்கு நீ. மொய் நோட்டைப் பத்திரமாக எடுத்து வைக்கும் நமக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

ஹாமில்டனின் கணக்கைப் படித்த பிரைஸ் அதைவிடப் பொதுவான ஒரு சமன்பாட்டைக் கண்டுபிடித்து 1970-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அதே ஆண்டில் தீவிர கிறிஸ்தவரானார். தெருவில் கிடந்த குடிநோயாளிகளை வீட்டுக்கு அழைத்து வந்து தங்க வைத்தார். கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தார். வீடும் போயிற்று. கடைசியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இறுதிச் சடங்குக்கு வந்த ஒரு சிலரில் ஹாமில்டனும், பிரைஸ் உதவிய வீடற்றவர்களும் இருந்தார்கள். தன் சமன்பாட்டைத் தன் வாழ்க்கையாலேயே பொய்யாக்கப் பார்த்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். கதைக்கு அது நன்றாக இருக்கிறது. ஒரு மனிதரின் துயரத்துக்கு அவ்வளவு ஒழுங்கான காரணம் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் அந்தப் பொய்யாக்கலே தேவையற்றது. மரபணுவுக்கு லாபம் என்பதால் மனிதருக்குச் சுயநலம் என்று ஆகிவிடாது. நடுராத்திரியில் எழுந்து பால் கொடுக்கும் தாய் மரபணுவை நினைத்துக்கொண்டு கொடுப்பதில்லை. அந்தப் பாசம் எப்படி உருவானது என்பது உயிரியலின் கேள்வி. பாசம் உண்மையா என்பது வேறு கேள்வி.

அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் போய்ப் பாருங்கள். கட்டிலில் படுத்திருக்கும் பையன் கையில் ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி விடுகிறான். பை மெல்ல நிறைகிறது. 350 மில்லி. முடிந்ததும் ஒரு ஜூஸ், நாலு பிஸ்கட். அந்த ரத்தம் யார் உடம்பில் ஏறப்போகிறது என்று அவனுக்குத் தெரியாது. ஏற்றிக்கொள்பவர் இவனைத் தேடி வந்து நன்றி சொல்லப் போவதுமில்லை. காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் 1998-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

"அதில் கிடைக்கிற மனதிருப்திதானே கூலி" என்று டீக்கடையில் ஒருவர் மடக்குவார். சாமர்த்தியமான பேச்சு, ஆனால் 1726-லேயே ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் பிரசங்கங்களில் இதன் அடியை அறுத்துவிட்டார். யாரோ ஒருவர் பிழைக்க வேண்டும் என்ற அக்கறை முதலில் இருந்தால்தானே, பிழைத்தார் என்பதில் திருப்தி வரும்? அக்கறை இல்லாதவனுக்கு அந்தக் கூலியே கிடைக்காது.

கொடுப்பவர் கூலிக்காகத்தான் கொடுக்கிறாரோ என்ற சந்தேகம் நம்மிடமும் பழையது. வள்ளல் ஆய் மறுமைப் பயனைக் கணக்கிட்டு அறத்தை வியாபாரமாக்கியவன் அல்லன் என்று ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் வலிந்து சொல்கிறார். அன்றைக்கே அப்படிக் கணக்கிட்டுக் கொடுத்தவர்கள் நிறைய இருந்திருக்க வேண்டும்.

தன் நோக்கம் சுத்தமா என்று ஓயாமல் சோதித்துக்கொண்டிருப்பவனின் கண் கடைசியில் தன்மேல்தான் இருக்கிறது. அவனைவிட, ரத்தம் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுகிறவன் எனக்கு மேல். போட்டுவிட்டுப் போகட்டும். பதினெட்டு வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், உடம்பு நன்றாக இருந்தால் நீங்களும் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. மஞ்சள் காமாலை வந்ததா, பச்சை குத்தினீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் படிவத்தில் கேட்பார்கள். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.