இறுகிப்போன தோளுக்கு எந்தக் கிரகம் பொறுப்பு?

ஐம்பதைத் தொட்ட ஒரு பெண்மணி. வலது கை தலைக்கு மேல் எழவில்லை. கொண்டை போட முடியவில்லை. பரணிலிருந்து டப்பா எடுக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலியில் விழிப்பு வந்துவிடுகிறது. வீடு என்ன செய்கிறது? வாயுப் பிடிப்பு என்று பூண்டை நசுக்கிக் கொடுக்கிறது. தைலம் தேய்க்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் ஜாதகத்தைப் புரட்டி, ஏழரைச் சனி என்று எள் தீபம் ஏற்றச் சொல்கிறது. அதற்காகச் சனிக்கிழமை சனிக்கிழமையாக நேரம் ஒதுக்கும் குடும்பம், ரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவதில்லை.

சனிக்கு அந்தத் தோளில் எந்த வேலையும் இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுகிறது. மருத்துவர்கள் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும். பெண்களுக்கு இன்னும் அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பலரை ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்வரை படுத்தும். வலி தணியத் தணிய, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில், சுவரைப் பார்த்து நின்று விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்த வேண்டும். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும். பொறுமையான வேலை. பரிகாரத்தைவிடச் செலவு குறைவு.

சனியை விட்டவர்களும் வயதை விடுவதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று பழி போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார்கள். வயது கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் எழுபது வயதுக்காரர்களும் முறையாகப் பயிற்சி செய்தால் மூட்டு அசைவு கூடுகிறது. தசையை இழுத்து நீட்டும் ஸ்ட்ரெச்சிங் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பெரும்பாலும் தசை நீள்வதில்லை. இன்னும் கொஞ்சம் இழுபடலாம் என்று நரம்பு மண்டலம் அனுமதிக்கிறது. பிரேசிலில் 46 முதல் 65 வயதுக்குட்பட்ட 3,139 பேரைச் சராசரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2024-இல் வெளியானது. உடல் வளைந்துகொடுக்காதவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. வளைந்தால் ஆயுள் கூடும் என்று இது நிரூபித்துவிடவில்லை. நோயால் உடல் இறுகியும் இருக்கலாம். ஆனால் அலட்சியப்படுத்தக்கூடிய செய்தியும் அல்ல.

பகுத்தறிவு என்றால் உடற்பயிற்சிப் பக்கத்துப் புளுகையும் கேள்வி கேட்க வேண்டும். தசையை இழுத்தால் நச்சு வெளியேறும் என்பது கதை. ஓடும் முன் இழுத்துவிட்டால் மறுநாள் வலிக்காது என்ற நம்பிக்கை ஆய்வுகளில் தேறவில்லை. தோப்புக்கரணம் நல்ல உடற்பயிற்சி; காதைப் பிடித்துக்கொண்டு போட்டால் மூளை வளரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. உட்கார்ந்து எழுவதை வைத்துக்கொள்ளுங்கள், காதை விட்டுவிடுங்கள்.

என் கோபம் வேறொன்றின் மீது. இந்தச் சமூகம் பெண்ணின் உடலை இறுக்கித்தான் வளர்க்கிறது. பன்னிரண்டு வயதுவரை பாண்டி ஆடியவள், மரம் ஏறியவள். வயதுக்கு வந்ததும் "காலை நீட்டாதே, ஓடாதே, குதிக்காதே". விளக்கு வைத்த நேரத்தில் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் மூதேவி வருவாளாம். உடம்பு தானாகக் கேட்கும் ஒரே பயிற்சி அது. அதையும் அபசகுனம் ஆக்கிவிட்டோம். ஃப்ரோசன் ஷோல்டர் இதனால் வருகிறது என்று நான் சொல்லவில்லை. கையை முழுதாக உயர்த்தியே பழகாதவளுக்கு, கை எழாமல் போனதே தாமதமாகத்தான் தெரியவரும், அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வெளியிலும் இதே கதைதான். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே புடவை விரிக்கும் பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. உட்காரவே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், இடுப்பை வளைத்து நிமிர்த்த இரண்டு நிமிடம் யார் கொடுப்பார்கள்? ஒரு நாற்காலியை மிச்சம் பிடிக்கும் முதலாளி அந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்தே மிச்சம் பிடிக்கிறார்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கொஞ்சம் நடந்து உடம்பு சூடான பிறகு பின்னந்தொடை, கெண்டைக்கால், இடுப்பு, தோள் ஒவ்வொன்றையும் இழுத்து, 10 முதல் 30 விநாடி அப்படியே நிறுத்துங்கள். முதியவர்களுக்கு 30 முதல் 60 விநாடி. ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டாம். இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது செய்யுங்கள். நல்ல நேரம் பார்க்க வேண்டாம்.

இன்று உங்கள் அம்மாவிடம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு கை பாதியில் நின்றால், நாளைக் காலை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்.